இடது கைக்குத் தைத்த பை

அன்புள்ள சேகர்,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் மகள் கிறுக்கியது என்று நினைத்துவிடவும் வேண்டாம். உன் அம்மாதான் எழுதுகிறேன், விழுந்துபோன இதே வலது கையால். இந்த நான்கு வரிக்கு இரண்டு காலைப் பொழுது ஆயிற்று.

இதற்கு மேல் கை வரவில்லை. இனி வருவதெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பர்வீன் எழுதுவது. பர்வீனை உனக்குப் போனில் தெரியும். பஜாரில் இருக்கிற பிசியோதெரபி சென்டரிலிருந்து எனக்குப் பயிற்சி கொடுக்க வருகிறாளே, மேல்விஷாரத்துப் பெண், அவள்தான். பயிற்சியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றதும், பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிற வீடுகளில் இதைப் படிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டாள். முதலில் என் மகன் படிக்கட்டும், அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய். என் வாயும் இப்போது பத்து வார்த்தைக்கு மேல் குழறுகிறது. அதோடு, இதைச் சொல்லும்போது உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து என்னை ஓசூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அங்கே ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டாயாம். அவரே குளிப்பாட்டிவிடுவார், தலை வாரிவிடுவார், ஊட்டிவிடுவார், நீ விரலைக்கூட அசைக்க வேண்டாம்மா என்றாய். அன்றைக்கே பர்வீன் உன்னிடம் பேசினாள். பக்கவாதம் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஆயாவுக்கு இன்னும் பயிற்சி கொடுக்கலாம் அண்ணா என்றாள். என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். நீ கோபப்படாமல்தான் பேசினாய். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "எங்க அப்பாவுக்கு எல்லாம் பண்ணிப் பாத்தாச்சும்மா. எங்கம்மா ஒரு நாள் விடாம பண்ணாங்க. ஒண்ணும் வரல. அவங்களையும் ஏன் பேஜார் பண்ணணும்?" என்றாய். பர்வீன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சேகர், உன் அப்பாவுக்கு அந்தப் பயிற்சியை நான் செய்யவில்லை. மூன்று நாள் செய்தேன். அதோடு சரி. அதற்கப்புறம் பயிற்சி நோட்டில் போட்ட டிக் எல்லாம் பொய்.

இந்த வரியை எழுதும்போது பர்வீன் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்றேன். எழுதினாள். இனிமேல் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி. படித்த பிறகு கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு.

உன் அப்பாவின் கையைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் அவர் வைத்ததுதான் சட்டம். மேசை மேல் தோலை விரித்துப்போட்டு வலது கையை ஒருமுறை தடவுவார். கழுத்துப் பக்கம் சுருக்கம் எங்கே, மாட்டுக்கு முள் கீறின தழும்பு எங்கே, வயிற்றுப் பக்கம் எங்கே மெலிந்து இழுக்கும் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அதையெல்லாம் தள்ளி அச்சை வைத்து வெட்டினால் ஒரு தோலில் மற்றவர்களைவிட ஒரு ஜோடி ஜாஸ்தி வரும். அதே கம்பெனியில் நான் ஸ்டிச்சிங் லைனில் இருந்தேன். அவர் வெட்டிய துண்டு என் மிஷினுக்கு வரும்போது ஓரத்தைத் தொட்டே இது அவர் வெட்டினது என்று கண்டுபிடிப்பேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு இருந்த பெருமையெல்லாம் அதுதான். அந்தக் கைக்காரனின் பெண்டாட்டி நான்.

அந்தக் கை ஒரு காலையில் பல் விளக்கும்போது பிரஷ்ஷைக் கீழே போட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். வலது காலில் கொஞ்சம் பலம் திரும்பியது. வாயில் நாலைந்து வார்த்தை திரும்பியது. வலது கையில் கட்டை விரலும் அடுத்த விரலும் மட்டும் கொஞ்சம் அசைந்தன. அந்த இரண்டு விரல் போதும் என்று அங்கே இருந்த தெரபி தம்பி சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். மூளையில் செத்த இடம் செத்ததுதான், ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கிற இடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும், புதிதாக இணைப்பு போட்டுக்கொள்ளும், அதற்கு அந்தக் கைக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். நல்ல கை இருக்கிறவரை கெட்ட கையை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் காலையில் இரண்டு மணி நேரம் நல்ல கையைப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள் என்றார். சோறோ, டம்ளரோ, பொத்தானோ, அந்த இரண்டு விரலே போராடட்டும், நீங்கள் கிட்டே போகாதீர்கள் என்றார்.

எனக்கு அது புரியாமல் இல்லை. நம் கம்பெனிக்கு அக்கரையிலிருந்து வருகிற பெண்கள் பாலாற்று மணலைக் கடந்து வருவார்கள். மணலில் அவர்கள் நடந்து நடந்து சிமெண்டு போட்டது போல ஒரு தடம் இருந்தது. ஒரு வருடம் வெள்ளம் வந்து அதை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு முதலில் இறங்கியவளுக்குக் கணுக்கால் வரைக்கும் புதைந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவை நனைந்து, லேட்டாகி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்கள். ஆனாலும் அடுத்த நாளும் நடந்தார்கள். பழைய தடத்தில் இல்லை, அதற்குத் தள்ளி வேறு இடத்தில். பொங்கலுக்குள் புதுத் தடம் விழுந்துவிட்டது. தெரபி தம்பி மூளையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த மணல்தான் கண்ணில் தெரிந்தது. புரிந்துதான் தலையாட்டினேன்.

பையை நானே தைத்தேன். ஷூவுக்கு உள்ளே லைனிங் வைக்கிற மெத்தென்ற ஆட்டுத் தோல் கொஞ்சம் வீட்டில் இருந்தது. உன் அப்பாவின் இடது கையைப் பேப்பரில் வைத்து வரைந்து, அளவெடுத்து, மடிப்பு உறுத்தாதபடி வெளிப்பக்கம் தையல் போட்டு, மணிக்கட்டில் கட்ட வார் வைத்துத் தைத்தேன். தெரபி தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை விலைக்கு விற்கலாம்மா என்றார். நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுத்தார். தேதி, பை போட்ட நேரம், கை செய்த வேலை, டிக். எழுதத் தெரியுமா என்று அவர் கேட்டதும் நீ முந்திக்கொண்டு, எங்க அம்மா கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் சார் என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்தது.

முதல் நாள் அப்பா வாய்க்குப் போன சோறு கம்மி, சிந்தினது ஜாஸ்தி. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். சொல்லாமல் வந்துவிட்டார்கள். அப்பா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் பை. லுங்கி மேலேயும் மார்பு மேலேயும் ரசம் சாதம். இரண்டு விரலால் தட்டைத் தள்ளிக்கொண்டே போகிறார். வந்ததில் ஒருவன் நிலைமையைச் சமாளிக்கத்தான் சொன்னான், மனசில் கள்ளம் இல்லை. "இன்னா மாமா, ரிட்டையர் ஆனதும் பாக்ஸிங் கத்துக்கினியா?" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, அதன் வழியாகச் சோறு வழிந்தது. இன்னொரு ஆள், அப்பாவிடம் தொழில் கற்றவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் திருப்பின முகம்தான் என்னைச் சுட்டது.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். பையை அவிழ்த்தேன். முகம் துடைத்து, புதுச் சோறு பிசைந்து நானே ஊட்டினேன். என் புருஷன் பிள்ளை மாதிரி சிந்திச் சாப்பிடுவதை இனி யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அன்பில் செய்தேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்பு கொஞ்சம் இருந்தது. மற்றதெல்லாம் கௌரவம். அன்று ராத்திரி நோட்டைத் திறந்து, பை போட்ட நேரம் இரண்டு மணி நேரம் என்று எழுதி டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

இதை அறியாமல் செய்தேன் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். இதே தப்பை நான் முன்பே ஒரு முறை செய்திருக்கிறேன். அப்போது நீ ஏழாவது படித்தாய். ஆலங்காயத்திலிருந்து கோமதி என்று ஒரு பெண் லைனில் சேர்ந்தாள். புதுப் பெண்களுக்கு முதலில் கழிவுத் துண்டு கொடுத்து நேர்த்தையல், வளைவுத் தையல் என்று ஓட்டச் சொல்வார்கள். அப்புறம்தான் லைனில் உட்கார வைப்பார்கள். கோமதிக்கு வளைவு வரவில்லை. அவள் முன்னால் துண்டு மலை மாதிரி குவியும். லைன் நின்றால் எல்லாருக்கும் திட்டு. நான் அவள் பக்கத்து மிஷின். பாவம் என்று பாதியை எடுத்து என் துண்டோடு சேர்த்துத் தைத்துத் தள்ளிவிடுவேன். சூப்பர்வைசருக்குக் கணக்கு சரியாக இருக்கும். கோமதி என்னைச் சாமி மாதிரி கும்பிட்டாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. உனக்கு அம்மை போட்டு நான் பத்து நாள் லீவில் இருந்தபோது எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவளை நூல் கத்தரிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷினுக்குத் திரும்பவே விடவில்லை. நான் போய் சமாதானம் சொன்னேன். அவள் கத்தரியைக் கீழே வைக்காமல், "என் கையை நீயே வச்சிக்கினியேக்கா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

அந்த வார்த்தையைக் கேட்டவள்தான் நான். கேட்டும் உன் அப்பாவின் கையை நானே வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொன்னதில் அர்த்தம் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா சுவரைப் பிடித்து நடந்து வந்தார். இடது கையில் அந்தப் பை. பீரோ மேலே வைத்திருந்ததை எப்படி எட்டி எடுத்தாரோ. என் மடியில் போட்டார். "கட்டு" என்றார். அவருக்கு இருந்த நாலைந்து வார்த்தையில் அது ஒன்று. நான் வாசலைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கட்டலாம், இப்ப போய் உக்காருங்க" என்றேன். மறுநாளும் எடுத்து வந்தார். மறுநாளும் நாளைக்கு என்றேன். மூன்றாவது நாள் அவர் வரவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. நான் ஊட்டும்போது வாயைத் திறந்தார், போதும் என்றால் மூடிக்கொண்டார். வலது கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் உள்ளங்கையைக் கழுவ வேண்டுமென்றால் விரலை ஒவ்வொன்றாக நான் பிரிக்க வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் வேலூருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? தெரபி தம்பி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நாள்கூட விடவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். இவ்வளவு பயிற்சிக்கும் அசைவு கூடவில்லை என்றால் இவருக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது, இனி மாதாமாதம் அலைய வேண்டாம், கை மடங்கிப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை நம்பினார். திரும்பி வரும்போது லாங் பஜார் நெரிசலில் ஆட்டோ நகராமல் நின்றது. நீ என் தோளில் கை போட்டு, "நாம செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம்மா" என்றாய். நடுவில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை. நான்கு வருடம் கழித்து சளி கட்டிப் போய்ச் சேருகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியத்தன்று நீ சொந்தக்காரர்களிடம், அம்மா மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொன்னாய். அவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பையைக் கட்டியிருந்தால் அப்பாவின் கை வந்திருக்குமா என்று பர்வீனைக் கேட்டேன். அவள் எனக்காகப் பொய் சொல்லவில்லை. "சொல்ல முடியாது ஆயா. சில பேருக்கு வரும். சில பேருக்கு எவ்ளோ பண்ணாலும் வராது. பண்ணாம இருந்தா மட்டும் கண்டிப்பா வராது" என்றாள். அதுதான் என் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வந்திருக்காது என்று யாராவது அடித்துச் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன். வந்திருக்கும் என்றால் அழுது தீர்ப்பேன். இரண்டும் இல்லை. யாருக்கும் தெரியாமல் போகும்படி நான் செய்துவிட்டேன்.

இப்போது அதே பை என் இடது கையில் இருக்கிறது. பீரோவிலிருந்து எடுக்கும்போது தோல் விறைத்துப் போயிருந்தது. பர்வீன் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி இளக்கினாள். உன் அப்பாவின் அளவுக்குத் தைத்தது, எனக்குப் பெரிது, உள்ளே விரல் ஆடுகிறது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கட்டுகிறாள். கதவைத் திறந்து வைத்துத்தான் சாப்பிடுகிறேன். கொடுமையாகத்தான் இருக்கிறது சேகர். ஒரு வாய் சோறு ஏறுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. எதிர்வீட்டுக்காரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நான் ஊட்டட்டுமாக்கா என்று கேட்டாள். பை போட்டிருக்கும்போதே இடது கை தட்டைப் பிடிக்க ஓடுகிறது. "இன்னா ஆயா, அது ஒளிஞ்சி ஒளிஞ்சி ஓவர்டைம் பாக்குது" என்று பர்வீன் கிண்டல் செய்கிறாள். நான்கு மாதத்தில் வந்தது என்னவென்றால் பென்சிலைப் பிடிக்கிறேன், டம்ளரைத் தள்ளாமல் தொடுகிறேன், சாவியைத் தூக்கி வைக்கிறேன். அவ்வளவுதான். இதற்கு மேல் வராமலே போகலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. பொய் நம்பிக்கை எனக்கும் வேண்டாம், உனக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

ஓசூருக்கு வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ கூப்பிட்டால் வருகிறேன். தனியாக இருந்து யாருக்கும் எதையும் நிரூபிக்கிற ஆசை எனக்கு இல்லை. ஆனால் அப்பாவுக்கு வரவில்லை என்பதை வைத்து என் கைக்குத் தீர்ப்பு எழுதாதே. அந்த சாட்சி பொய் சாட்சி, எழுதினவள் நான். ஏற்பாடு செய்த அந்த அம்மா சமைக்கட்டும், விழாமல் பிடித்துக்கொள்ளட்டும். ஊட்டிவிட வேண்டாம். பையைக் கட்டிவிட்டு எட்டி நிற்கச் சொல். உன்னால் பார்க்க முடியாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வா. நீ என் மகன், முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் எட்டி நின்று பார்ப்பது உனக்குத் தெரியாத வேலையும் இல்லை. போன பொங்கலுக்கு வந்தபோது உன் மகள் புதுச் செருப்புக்கு வார் மாட்ட முடியாமல் வாசல்படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். நான் குனிந்தபோது, "விடு ஆயா, நானே போடறேன்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். நீ கார் சாவியோடு எட்டி நின்றாய். லேட்டாகிறது என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பொறுமை என் வயிற்றில் பிறந்தவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். எனக்கும் அப்படி நில், சேகர்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்று அப்பாவுடையது. முத்து மாதிரி கையெழுத்து, ஏழு மாதம், ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. முதல் இரண்டு வரியைத் தவிர எதையும் நம்பாதே. இன்னொன்று என்னுடையது. கோணல் மாணலாக இருக்கும், பாதிக்கு மேல் டிக் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வா. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், வந்து உட்கார். பர்வீன் இங்கே நிறுத்திக்கொள்கிறாள். கடைசி வரியை நான் எழுத வேண்டும் என்று பையைக் கட்டிவிட்டாள்.

இன்று ரவிக்கை ஊக்கு ஒன்றுகூட மாட்ட முடியவில்லை. முடியவில்லை என்றே நோட்டில் எழுதினேன்.

அம்மா